விலை சொன்ன பிறகு வாய் திறக்கக் கூடாது

வாரச் சந்தையில் தோல் பை விற்கும் அவளைப் போல, வாங்க வருகிறவர்களுக்கு விசுவாசமான கடைக்காரி வேறு எங்கும் இருந்திருக்க மாட்டாள். யாராவது ஒரு பையைக் கையில் எடுத்து, "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், அவளுக்குள் குற்றவுணர்ச்சி கிளம்பிவிடும். "அந்த ஓரத்துல தையல் லேசா கோணியிருக்கு, பாத்தீங்களா?" என்று தானே காட்டிக்கொடுப்பாள். அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற வரைக்கும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் ஓய்வாள்.

விலை கேட்டால் கதை இன்னும் மோசம். விலையைச் சொல்லி, எதிரில் நிற்பவர் மூச்சு விடுவதற்குள், "அதிகமாத் தெரிஞ்சா குறைச்சுக்கலாம்" என்பாள். அவர் யோசித்தால் இன்னும் குறைப்பாள். பேருந்துக்காக நிழலில் ஒதுங்கி நின்ற ஓர் அம்மாள், பை வாங்கும் எண்ணமே இல்லாதவர், இப்படி இறங்கிக்கொண்டே வந்த விலையைக் கேட்டு மனம் பொறுக்காமல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன், நகரப் பேருந்து ஓட்டுகிறவன், மெதுவாகக் கேட்டான். "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நீ யார் பக்கம்?"

அவளுக்கே அது தெரியவில்லை. வீட்டின் பின்னறையில், மெழுகு தேய்த்த நூலும் இரண்டு ஊசியுமாகப் பை தைக்க உட்கார்ந்தால் அவள் ராணி. அதே பையை விற்க நின்றால் அதைத் திருடிக்கொண்டு வந்தவள் போல முழித்தாள்.

அதனால்தான் அவள் விற்பனை வகுப்பில் சேர்ந்தாள். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றின் மாடியில் அது நடந்தது. "வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிற இடத்துலயே கடை ஓட்டவும் கத்துக்குடுக்கிறாங்களா? பரவாயில்லயே" என்றான் கணவன். காற்றே வராத அந்த அறையில் வாத்தியார் கோட்டைக் கழற்றாமல் பாடம் நடத்தினார். எல்லோரும் அவரைக் கோட்டு சார் என்றே அழைத்தார்கள்.

"பொருளைப் பத்திப் பேசாதீங்க. வாங்கறவங்களோட குறையைக் கேளுங்க. குறை வெளிய வந்துட்டா பொருள் தானா போகும்" என்றார் அவர் முதல் வகுப்பில்.

அவள் அதை எதிர்வீட்டு அக்காவிடம் சோதித்துப் பார்த்தாள். வரவழைத்து உட்காரவைத்து, பாடத்தில் சொன்னபடி கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டாள். "அக்கா, இப்ப நீங்க வச்சிருக்கீங்களே பை, அதுல உங்களுக்கு என்ன குறை?"

"பையில என்ன குறை? குறையெல்லாம் என் பையனாலதான்" என்று ஆரம்பித்தார் அக்கா. வேலையில் நிலைக்காத பையன், பேச்சுக்குப் பேச்சு எதிர்த்துப் பேசும் பையன், பெற்ற தாயைவிடக் கைபேசியை அதிகம் தொடுகிற பையன். நடுவில் டீ ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியது. கடைசியில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், அலமாரியில் இருந்த ஒரு பர்ஸை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

அடுத்த வகுப்பில் கோட்டு சார் விசாரித்தார். "பயிற்சி செஞ்சீங்களா?"

"செஞ்சேன் சார். ஒரு பர்ஸ் போச்சு."

"சபாஷ்."

"இல்ல சார். போச்சு."

இவளுக்குச் சின்னதாக ஏதாவது கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தவர் போல, கோட்டு சார் ஒரே ஒரு விதியைச் சொன்னார். "விலையைச் சொல்லுங்க. சொன்ன பிறகு வாயைத் திறக்காதீங்க. வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி. முதல்ல யார் பேசறாங்களோ அவங்க தோத்தாங்க."

இது தன்னால் முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. எதையும் செய்யாமல் இருப்பதுதானே.

அந்த வாரச் சந்தையில் கணவன் டீ வாங்கப் போயிருந்த நேரம், கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். தோளில் மாட்டும் பை ஒன்றை எடுத்து, உள்ளே கையை விட்டு, வாரை இழுத்துப் பார்த்தார். கோணல் தையலைக் காட்டத் துடித்த விரலை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்ன விலை?" என்றார்.

அவள் சொன்னாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் புருவத்தை உயர்த்தினார். அவள் புன்னகைத்தாள். அவர் மறுபடி பையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவளுக்கு மூக்கு அரித்தது, சொறியவில்லை. முதுகில் வியர்வை இறங்கியது. பக்கத்தில் செடி விற்கிறவர் கூட தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு இங்கே பார்க்க ஆரம்பித்தார். ஆனால் அவள் அசையவில்லை. கோட்டு சார் பார்த்தால் எவ்வளவு பெருமைப்படுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவன் டீயோடு வந்து சேர்ந்தான். "என்ன சார், ஏதாவது பிரச்சனையா?"

"விலை கேட்டேன்பா. அவங்க சொல்லவே மாட்டேங்கறாங்க. பாத்துச் சிரிக்கறாங்க" என்றார் அவர், கொஞ்சம் பயத்தோடு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் விலையைச் சொன்னது அவள் காதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

மனைவியின் மானத்தைக் காப்பாற்றப் பதறிய கணவன், "எவ்ளோவா இருந்தாலும் சார், பாதியாக் குறைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டான்.

அவள் வாய் திறந்துகொண்டது.

"பாதியா? யாரைக் கேட்டுப் பாதி? அந்த வார் சேர்ற இடத்தைத் தைக்க நான் எவ்ளோ நேரம் உக்காந்தேன்னு தெரியுமா உங்களுக்கு? ரெண்டு ஊசிங்க. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் அப்படியே பிடிச்சுக்கும். தினம் பஸ்ல மாட்டிக்கிட்டுப் போறீங்களே ஒரு பை, அது நான் கல்யாணமான புதுசுல தைச்சது. இன்னைக்கு வரைக்கும் ஒரு நூல் விட்டிருக்கா?"

"இல்ல" என்றான் அவன், இரண்டு கையிலும் டீயோடு.

"உங்க தங்கச்சி அதைக் கேட்டப்பக் குடுத்தீங்களா?"

"குடுக்கல."

"ஏன் குடுக்கல?"

"நல்ல பைன்னு."

"அப்ப எந்த வாயால பாதிங்கறீங்க?"

சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இன்னும் விலையை யாரும் சொல்லலயே."

அவள் அதே வேகத்தில் அவர் பக்கம் திரும்பி விலையைச் சொன்னாள். செடிக்கடைக்கும் அப்பால் கேட்டது. அவர் மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எடுத்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெண், "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள். இருவரும் ஆளுக்கொரு பையோடு போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, கோணல் தையலை யாருக்கும் காட்டவில்லை என்று.

அடுத்த வாரம் கணவன் மிகுந்த உற்சாகத்தோடு, ஒருவர் பையைத் தொட்டதுமே, "பாதியாக் குறைச்சுக்கலாமா?" என்று கண்ணடித்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அந்த மனிதர் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வருகிறவர் யாராக இருந்தாலும், எதிரில் நிற்பது தன் புருஷன்தான் என்று நினைத்துக்கொள்வது. ஒரு பெரியவர், "தண்ணி பட்டாக் கெட்டுப்போகுமா?" என்றபோது, "மழை வந்தா இதைத்தான் குடையாப் பிடிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் ஓரடி பின்வாங்கி, பிறகு சிரித்து, வாங்கிக்கொண்டார். வேறு சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோட்டு சாரிடம் இதைச் சொன்னபோது, அதே வகுப்பில் படிக்கும், கல்யாணமாகாத சோப்பு வியாபாரி ஒருவர் தான் என்ன செய்வது என்று கவலையோடு கேட்டார். சார் அன்றுதான் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றினார்.

பைகள் போக ஆரம்பித்தன. இந்த முறை நிஜமாகவே போயின. வீட்டில்தான் ஏதோ குறைந்தது. ஒரு சந்தை நாள் மாலை, கணவன் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, வழக்கமாக வர வேண்டிய திட்டு வருமென்று காத்திருந்தான். அவள் அதை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"என்ன, இன்னைக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற?" என்றான்.

"எல்லாம் கடையிலயே வித்துத் தீந்துபோச்சு" என்றாள் அவள்.

சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல், அவன் டீ போட எழுந்து போனான்.