தெற்கு வாசல் வைத்த தீவு வீடு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை பஸ்ஸில் கிடைத்தது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் போனில் கத்தினாள்: “வீட்டை இடிச்சிட்டியா? டிராகன் வந்தப்பகூட ஒரு ஓடு விழல. நீ இடிச்சிட்டியா?”

கண்டக்டர் உட்பட எல்லோரும் திரும்பினோம். காவிரிப் பாலம் தாண்டியதும் மாம்பழச் சாலையில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு ஓடினாள். மிச்சத்தை நான்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் பிரதீப்புக்கு மந்திரவாள் என்றால்

(வேண்டாம். இது வாளைப் பற்றிய கதையில்லை.)

தொடக்கம் இரண்டு: ரெங்கநாயகிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கே.கே. நகரில் மாமனார் அழகிரியின் வீட்டில் அவளுக்கும் பிரதீப்புக்கும் ஓர் அறை. பீரோவைத் திறந்தால் கதவு கட்டிலில் இடிக்கும். வாசல் கேட்டில் மாமனார் பெயர் மட்டும். தனிக்குடித்தனம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் அறை டிவியில் ஆடும், டிராகன்கள் திரியும் வீடியோ விளையாட்டில் ஒரு தீவு வாங்கினார்கள்.*

* விளையாட்டோடு பிறகு சேர்த்துக்கொள்ளும் புது நிலம். வீடு கட்டலாம். நானும் கட்டியிருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூன்று மாடி.

டிராகனை இருவரும் மறந்தே போனார்கள். அவள் மரம் வெட்டினாள், சமையல்கட்டு வைத்தாள், வாசலில் ‘ரெங்கநாயகி – பிரதீப்’ என்று பலகை மாட்டினாள். அந்தப் பலகையை விளையாட்டு ஒரே ஒருமுறைதான் தரும்.

3

வாசல் தெற்குப் பார்த்திருந்தது பிரதீப்பை உறுத்தியது. அவள் ஸ்ரீரங்கத்துக்காரி, விடவில்லை. “பெருமாளே தெக்கப் பாத்துதான் சேவை சாதிக்கிறார். உனக்கென்ன?”

சனிக்கிழமை அவள் தில்லை நகர் லேபுக்கு வேலைக்குப் போயிருந்தாள். அவனுக்கு லீவு. காபி குடித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டான், “தெக்கு வாசல் வெச்சா தப்பாப்பா?”

அழகிரி பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. “ஆகாதுப்பா. வடக்கப் பாத்து வை.”

இடித்தான். கல்லும் மரமும் திரும்பக் கிடைத்தன, பலகை கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் வரைபடத்தின் மூலையில் இருந்த திசைக்குறியைப் பார்த்தான். அந்தத் தீவின் படத்தில் வடக்கு மேலே இல்லை, அடிப்பக்கம். அவள் வைத்த வாசல் முதலிலிருந்தே வடக்குதான்.

வேலை முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்குப் போன் போட்டான்.

(இவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்லவனாக எழுதினால் எனக்கே எரிச்சல் வருகிறது. அப்படியே விட்டுவிட்டேன்.)

4

“யாரைக் கேட்டு இடிச்ச?” திரும்பி வந்து அறைக்குள் நுழைந்ததுமே கேட்டாள்.

“அப்பாவ.”

“மாமாகிட்ட கேமுன்னு சொன்னியா?”

பிரதீப் யோசித்தான். “சொல்லலையே.”

ரெங்கநாயகி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப நாம நிஜமாவே வீடு கட்டிப் போறோம்னுல்ல நினைச்சிருப்பார்? போகாதேன்னு சொல்லலையா?”

“இல்ல.”

“கோவப்பட்டாரா?”

“பேப்பர் படிச்சிட்டிருந்தார். வடக்கப் பாத்து வைன்னார்.”

இரண்டு வருடம் பயந்தது இதற்குத்தானா? சந்தோஷப்படுவதா, தங்களை அவர் இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாரே என்று அழுவதா, அவளுக்குத் தெரியவில்லை. பலகை போன கோபம்கூட எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கும்தான் குழப்பம்.

5

முடிவு அ: விளையாட்டு என்று சொல்கிறார்கள், மூவரும் சிரிக்கிறார்கள். அடித்துவிட்டேன். சிரித்து முடித்தபின் அதே அறைதானே?

முடிவு ஆ: தனியாகப் போகிறார்கள். அழகிரி கேட்டைச் சாத்திவிட்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

முடிவுக்கு முன்னால் வரைதான் எனக்குத் தெரியும். கதவு தட்டப்படுகிறது. அழகிரி நிற்கிறார். அவர்களுக்குப் பின்னால் டிவியில் கடலும், வெறும் மனையும், ஒரு கல் குவியலும்.

“மனை எந்தப் பக்கம்ப்பா பாத்திருக்கீங்க? பஸ் வசதி இருக்கா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். என்ன சொல்லலாம், நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் நின்றுகொண்டே இருக்கிறார், அந்த அறையில் மூன்றாவது ஆள் உட்கார இடமில்லை.