கடைக்கு ஒரு ஜோடி

மாமா கடையில் தன் ஸ்பீக்கர் ஏறிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று பெட்டிக்காரன் நம்பினான். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஊரிலேயே பெரிய ஆடியோ கடை அவருடையது. பலகை அறுத்து, ஒட்டி, உள்ளே ஒயர் பற்றவைப்பதுவரை எல்லாம் இவன் கையாலேயே செய்ததால் கடைக்காரர்கள் இவனுக்கு வைத்த பெயர்தான் பெட்டிக்காரன். பெயர் வைத்தார்களே தவிர ஒருவரும் சரக்கை எடுக்கவில்லை. விலை ரொம்பக் குறைச்சலாக இருக்கிறதே என்று உதட்டைப் பிதுக்கினார்கள். விலை குறைந்தால் அதுவும் ஒரு குற்றமாம்.

அந்த ஜோடிக்காக ஆறு வருடம் மெனக்கெட்டிருந்தான். பாட்டைப் போட்டால் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் பாடுகிறவர் வந்து நிற்பார். அதை நாலு பேர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவனுடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

அக்கா நச்சரித்த நச்சரிப்பில் மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விட்டார். நாலு நாள் கழித்து, ஒரு ஜோடியை, வாடிக்கையாளர்கள் கேட்டுப் பார்க்கும் டெமோ அறையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். பெட்டிக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் இன்னும் அறுபது ஜோடி செய்து வீட்டின் பின்னறையை அடைத்துவைத்தான்.

மூன்று மாதமாகியும் ஒன்றுகூடப் போகவில்லை. கடைசியில், மாமா இல்லாத நேரமாகப் பார்த்து மனைவியை வாடிக்கையாளர் போல அனுப்பினான். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"நம்மளுதுதானாங்க அது? பாடுறவர் வாயில துணிய அடைச்ச மாதிரி இருந்துச்சு. பேஸே இல்ல."

சளி பிடித்த காதோடு போனால் அப்படித்தான் கேட்கும் என்று அவள்மேல் எரிந்து விழுந்தான். ஆனாலும் மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றான். டெமோ அறையில் ஆள் இல்லை. பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தான். வலது பெட்டியில் சிவப்பு ஒயர் கறுப்பு முனையிலும் கறுப்பு ஒயர் சிவப்பு முனையிலும் மாறியிருந்தன. அப்படி மாறினால் ஒரு பெட்டி காற்றை முன்னால் தள்ளும், மற்றது பின்னால் இழுக்கும். இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டு, பேஸ் என்கிற அடித்தொனி செத்துப்போகும். விற்பனைக்கு நிற்கிற ஆளின் கவனக்குறைவு, வேறென்ன. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒயரைச் சரியாக மாற்றிப் பாட்டைப் போட்டான். பாடுகிறவர் நடுவில் வந்து நின்றார். கண் கலங்க, மாமாவைக் கூப்பிட ஓடினான்.

மாமா வந்தார், பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு குனிந்து, தன் கையாலேயே ஒயரைப் பழையபடி மாற்றினார்.

"நல்லா இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ள. இத ஒழுங்கா கேட்டவன் பக்கத்துல இருக்குற அந்தப் பெரிய கம்பெனிப் பெட்டிக்கு ஏன் பத்து மடங்கு குடுப்பான்? என் கடையே அதுலதான் ஓடுது."

அதற்குள் ஒரு வழுக்கைத்தலைக்காரர் ஸ்பீக்கர் பார்க்க வந்துவிட்டார். செய்தவரே பக்கத்தில் நிற்கிறார், நம்ம சொந்தக்காரர்தான் என்று மாமா வாயெல்லாம் பல்லாக அறிமுகம் செய்துவைத்தார். முதலில் இவன் பெட்டி. வந்தவர் நெளிந்தார். அடுத்து பெரிய பெட்டி. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். உடனே அதையே எடுத்துக்கொண்டார். போகும்போது இவன் தோளைத் தட்டினார்.

"எல்லாருக்கும் எல்லாத் தொழிலும் வராதுப்பா. வயசிருக்கு, வேற ஏதாவது பாரு."

பெட்டிக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தான். அதிலிருந்து வந்தது "சரிங்க" என்ற ஒரு சொல்தான்.

மாமாவுக்கு அன்று ஏக சந்தோஷம். இந்த ஜோடி வந்த பிறகு பெரிய பெட்டி இரண்டு மடங்கு போகிறதாம். மற்ற கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். ஒன்பது கடையில் கேட்டிருக்கிறார்களாம், கடைக்கு ஒரு ஜோடி. ஆனால் பின்பக்கம் பார்த்து யாரும் இவனைப் போலக் கண்டுபிடித்துவிடக் கூடாது. அதனால் ஒயரைப் பெட்டிக்குள்ளேயே மாற்றிப் பற்றவைத்துத் தர வேண்டும். முடியாதென்றால் இருக்கிற ஜோடியையும் தூக்கிக்கொண்டு போகலாம்.

எவனாவது ஒருத்தன் வாங்கிப்போய், திறந்து பார்த்து, சரிசெய்து கேட்கமாட்டானா என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். ஒருத்தனும் வாங்கப்போவதில்லை என்பது அவனுக்கே தெரியும்.

அன்று மத்தியானமே, முதல் ஜோடியில் வலது பெட்டியைத் திறந்து உள்ளே ஒயரை மாற்றிப் பற்றவைத்தான். போட்டுக் கேட்காமல் எதையும் கட்டி அனுப்புவதில்லை என்பது அவன் வழக்கம். அதனால் இதையும் போட்டான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு கடையில கேட்டது இதேதாங்க. எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. சரியா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஜோடியின் வலது பெட்டியைத் திறந்தான்.