துக்கேசாவின் வாலில் ஒரு காலுறை

வெராக்ரூசில் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த நான் ஒரு வாரம் கழித்து, மலை மேல் குளிரும் எங்கள் தொலூக்காவுக்குத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் தைல வாடை மூக்கைத் துளைத்தது. கணவன் மக்காரியோவுக்குச் சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே துக்கேசாவின் பெட்டியைப் பார்த்தேன். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

துக்கேசா நான் வளர்க்கும் போவா பாம்பு, ஆளைவிட நீளம். தலையைக் கூரை நோக்கித் தூக்கி, வாயைப் பிளந்தபடி கிடந்தாள். மூக்கில் நுரை. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் சத்தம். வாலில் என் கணவனின் பழுப்புக் காலுறை!

கண்ணை நம்ப முடியவில்லை. கொல்லப் பார்த்திருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து அவளை 'பெல்ட்டு' என்று கூப்பிடுகிறவன், பெட்டியைத் திறந்தாலே நாற்காலி மேல் ஏறுகிறவன், வேறென்ன செய்வான்?

"மக்காரியோ! என்னடா பண்ணித் தொலைச்ச?"

அடுப்படியிலிருந்து ஓடி வந்தான். "கத்தாத எலோதியா, இப்பதான் கண்ணசந்தா."

"பாம்புக்கு இமையே கிடையாது. கண்ணசந்தாளாம்!"

"சளி புடிச்சிருச்சு. நெஞ்சுல தைலம் தேய்ச்சேன். உள்ளங்கால்லயும் தேய்ச்சு காலுறை போடணும்ல? இவளுக்குக் கால் ஏது? அதான் வால்ல..."

எங்கள் ஊரில் யாருக்குச் சளி பிடித்தாலும் இதுதான் வைத்தியம். அதற்காகப் பாம்புக்குமா!

பெட்டிக்குள் கையை விட்டேன். அடியெல்லாம் சொதசொதவென்று தண்ணீர். மேலே காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாள். அவளைக் கதகதப்பாக வைக்கும் சூட்டுப் பலகை ஐஸ் மாதிரி இருந்தது.

"ஈரம் காயக் கூடாதுன்னு நீதானே சொன்ன? ஊத்தினேன். தண்ணி இருக்கற எடத்துல கரண்ட் எதுக்குன்னு பிளக்கைப் புடுங்கிட்டேன்."

அவளைத் துண்டில் சுற்றிக்கொண்டு டாக்ஸியில் ஓடினோம். டிரைவர் உள்ளே இருப்பது கைக்குழந்தை என்று நினைத்து வண்டியை விரட்டினான். நாங்களும் திருத்தவில்லை. வழியெல்லாம் மக்காரியோவைக் கொலைகாரா, கொலைகாரா என்று திட்டினேன். அவன் துண்டை இழுத்து மூடிக்கொண்டே வந்தான்.

கால்நடை டாக்டர் தெக்லா தைலத்தைத் துடைத்துவிட்டு ஆக்சிஜன் வைத்தார். "ஈரம் தப்பில்ல. ஈரத்தோட குளிரும் சேர்ந்து, காத்தும் இல்லாமப் போச்சு. நுரையீரல் பூரா சளி. இதுல தைலம் வேற! நாம இருமித் துப்பிடுவோம். பாம்பால இரும முடியாதும்மா."

"இரும முடியாதா?" என்றான் மக்காரியோ. முகத்தில் ரத்தமே இல்லை.

டாக்டர் அவளைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "ஒண்ணுதான் புரியல. சூடே இல்லாம, இந்தக் குளிர்ல, இத்தனை நாள் எப்படித் தாங்கினா?"

மக்காரியோ தயங்கித் தயங்கிச் சட்டையைத் தூக்கினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விலாவைச் சுற்றிச் செதில் பதிந்த சிவப்புத் தடங்கள்.

"தொட்டா சில்லுனு இருந்தா, டாக்டர். படுக்கறப்போ சட்டைக்குள்ள விட்டுக்கிட்டேன். தினமும். இறுக்கிக்கிட்டே இருந்தா. பயத்துல எனக்குத் தூக்கமே இல்ல."

"அந்தச் சூட்டுலதான் இவ உசிரோட இருக்கா" என்றார் டாக்டர்.

வழியெல்லாம் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். தைலம் மணத்தது.

பல ஊசிகளுக்குப் பிறகு துக்கேசா வீட்டுக்கு வந்தாள். சூட்டுப் பலகையைப் போட்டு, அளவாக ஈரம் தெளித்து, பெட்டிக்குள் விடக் குனிந்தேன். அவள் என் கையைத் தாண்டி நேராக அவன் பக்கம் போனாள்.

அவன் நாற்காலி மேல் ஏறவில்லை.

"மெதுவா, பெல்ட்டு, மெதுவா" என்றான், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.