தொப்பைத் தண்டையல்

நிருஷன் நல்ல பிள்ளை. ஆனால் அச்சுப்படியைத் தந்தால் அடுத்த நாளே திருத்தித் தா என்று நிற்பான். எண்பதுகளில் எங்கள் பக்கம் வெளிவந்த அறிவியல் நாவல்களையும் சிறுகதைத் தொகுப்புகளையும் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்கிறான். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அதில் பிழை பார்க்கிற வேலை. அந்தக் காலத்து எழுத்தாளர்கள் எதிர்காலத்தையும் தாராளமாகப் பிழை விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு குளிசையை விழுங்கினால் மூன்று வேளையும் பசிக்காதாம். நான் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவேன். எதிர்காலம் என் பொறுப்பில்லை.

போன வாரம் வந்தது தியாகலிங்கம் அண்ணையின் ‘நிலவுத் துறை’. எண்பத்தைந்தில் பருத்தித்துறையில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்த நாவல். கதை நடப்பது இந்த 2025இல். பருத்தித்துறையிலிருந்து சந்திரனுக்கு விண்கப்பல் ஓடுகிறது. கருவாடும் பனங்கட்டியும் ஏற்றிப் போகிறார்கள். சந்திரனில் தொலைபேசி உண்டு, ஆனால் அதற்கும் வயர் இழுத்திருக்கிறார்கள். பாய்க்கப்பல் காலத்தில் எங்கள் கரையில் கப்பல் தலைவனைத் தண்டையல் என்பார்கள். விண்கப்பலை நடத்துகிறவருக்கும் அண்ணை அதே சொல்லைத்தான் வைத்திருந்தார். அந்தத் தண்டையலின் பெயர் கஜானன். அது என் தம்பியின் பெயர்.

பெயர் மட்டுமல்ல, ஆளும் அவன்தான். அண்ணை அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் இருந்து விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தார். கஜானனுக்கு இருபது வயது. நெற்றியில் மயிரைச் சுருட்டி விடுவதற்காகக் காலையில் கண்ணாடியை ஒருவருக்கும் விடமாட்டான். அவனைச் சீண்டத்தான் அண்ணை நாவலில் அவனுக்கு அறுபது வயதும் பளபளக்கிற வழுக்கையும் ஒரு பெரிய தொப்பையும் கொடுத்தார். புத்தகம் வந்த கையோடு ஊர்ப் பெடியள் ‘தொப்பைத் தண்டையல்’ என்று அவனைக் கூப்பிடத் தொடங்கினார்கள். கஜானன் மதிலில் ஏறி நின்று அண்ணையோடு சண்டை பிடித்தான்.

“அடுத்த பதிப்பிலை எனக்குத் தலைமயிர் வைச்சுத் தாறியளோ, இல்லையோ?”

அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தியம் பண்ணினார். அதற்குப் பிறகுதான் அவன் மதிலை விட்டு இறங்கினான்.

அடுத்த பதிப்பு வரவில்லை. தொண்ணூறில் சந்தைக்கென்று சைக்கிளில் போன கஜானனும் வரவில்லை. அந்தச் சைக்கிளைக்கூட ஒருவரும் காணவில்லை. அம்மா சாகும் வரை அவனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு மூடி வைத்தார். நான் அப்படி வைப்பதில்லை. வைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அதனால் அச்சுப்படியில் அவன் வருகிற பக்கத்தை ஆசையோடுதான் புரட்டினேன். பார்த்தால், தண்டையலுக்குச் சுருள்மயிர், ஒட்டிய வயிறு, பார்க்க வாலிபன் போலவே இருக்கிறாராம். அச்சகத்தின் பிழையோ என்று நிருஷனுக்கு போன் எடுத்துக் கேட்டேன். இல்லை, எழுதின ஐயாவே மாற்றித் தந்தவர் என்றான். சந்திரனில் இழுத்த வயர் மட்டும் அப்படியே கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சுப்படியையும் பழைய புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு தொண்டைமானாற்றுக்கு பஸ் ஏறினேன்.

அண்ணை அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். முற்றத்து வேம்புக்குக் கீழே கதிரை போட்டு இருந்தவர், படலை திறந்த சத்தத்துக்குத் தலையை நிமிர்த்தினார். கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார்.

“கமலாவே? வா, இரு. தேத்தண்ணி குடிக்கிறியோ?”

“தேத்தண்ணி பிறகு குடிக்கலாம். உதென்ன செய்து வைச்சிருக்கிறியள்?” அச்சுப்படியை அவர் மடியில் வைத்தேன்.

அவர் அதைத் திறக்கவே இல்லை. “கஜானன்ரை பக்கமோ?”

“ஓம். வயரை விட்டுட்டு ஏன் அவனிலை கை வைச்சனீங்கள்?”

“வயருக்காக ஒருத்தரும் என்னோடை சண்டைக்கு வரேல்லை, பிள்ளை. அவன்தான் வந்தவன். நான் சத்தியம் பண்ணினனான். உவ்வளவு காலமும் அது நெஞ்சுக்கை கிடந்து உறுத்துது. அவனுக்கு நான் செய்யக்கூடியது வேறை என்ன இருக்கு, சொல்லு?”

நன்றாக ஏசிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அதைக் கேட்டதும் கோபம் பாதி இறங்கிப்போயிற்று. என் தம்பிக்குக் கொடுத்த வாக்கை நினைவில் வைத்திருக்க என்னைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். ஆனாலும் விட மனம் வரவில்லை.

“அண்ணை, காணாமல் போனவையின்ரை சனத்தோடை நானும் படத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டிலை நிக்கிறனான்தானே. போன மாசம் பத்திரிகையிலையிருந்து ஒரு பெட்டை வந்தவள். கையிலை இருந்த படத்தைப் பாத்திட்டு, ‘உங்கடை மகனோ அம்மா?’ எண்டு கேட்டாள்.”

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓம் எண்டு சொல்லிப்போட்டன். விளங்கப்படுத்த அலுப்பாக் கிடந்தது. வீட்டை வந்துதான் அழுதனான். எனக்கும் அவனுக்கும் ரெண்டு வயசுதான் வித்தியாசம். நான் கிழவியாப் போனன், அவன் படத்துக்குள்ளை அப்பிடியே நிக்கிறான். இன்னும் கொஞ்சக் காலம் போனால் பேரனோ எண்டு கேப்பினம். அவன் எனக்குத் தம்பியா இருக்கிறது உங்கடை புத்தகத்திலை மட்டும்தான், அண்ணை. அதிலைதான் அவனுக்கு வயசு போயிருக்கு. நல்லாச் சாப்பிட்டு வயிறு வைச்சிருக்கிறான். அதையும் பறிச்சுப்போட்டால் நான் அவனை எங்கை போய்ப் பாக்கிறது?”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

“பழைய புத்தகம் கொண்டு வந்தனியே? வாசி.”

வாசித்தேன். “அறுபது வயதுத் தண்டையல் கஜானன், சந்திரத் தூசி படிந்த தன் வழுக்கையைத் துவாயால் துடைத்தபடி ஏணியால் இறங்கினார். அவருக்கு முன்னால் அவருடைய தொப்பை இறங்கியது.” வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அண்ணை தாளில் மூக்கு முட்டக் குனிந்து, புதிய வரிகளை வெட்டி, பழையதை மெல்ல மெல்ல எழுதினார்.

வழுக்கை என்ற இடத்தில் பேனை நின்றது.

“உச்சியிலை கொஞ்ச மயிர் எண்டாலும் விடுவமோ, கமலா? அவனுக்குச் சொன்ன சொல்லுக்காக.”

“ஒண்டும் வேண்டாம்.”

எழுதி முடித்து அச்சுப்படியை என்னிடம் நீட்டினார்.

“உதைப் பாத்தானெண்டால் திரும்பவும் மதிலேறி வந்து என்னோடை சண்டை பிடிப்பான்.”

“வரட்டும், அண்ணை,” என்றேன். “வந்து பிடிக்கட்டும்.”