துத்தநாகத்தின் சத்தம்

போன செப்டம்பரில் ட்வைலா அத்தை ஒரு சட்டி ஈயத்தைக் கெடுத்தாள். நூற்று முப்பது பவுண்டு ஈயம்.

நன்றாக உருகிய ஈயத்தின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கும். அன்று ஓட்ஸ் கஞ்சி மாதிரி இருந்தது. அத்தை கரண்டியால் கிளறினாள். அழுக்கை வழித்துப் போட்டாள். அழுக்கு இன்னும் பிரியட்டும் என்று மெழுகு போட்டுப் பார்த்தாள். பிறகு துப்பாக்கிக் குண்டு அச்சில் ஊற்றித் திறந்தாள். விழுந்த குண்டுகள் மூக்கு மழுங்கி, உடம்பெல்லாம் சுருக்கம் விழுந்து கிடந்தன.

"அடுப்ப இவ்வளவு ஏத்தினது யாரு?"

"நீங்கதான் அத்தை."

"நானா? வாயப் பாரு. அந்த டயர்க்கடைக்காரன் என்னத்தயோ கலந்து குடுத்திருக்கான்."

"துத்தநாகம் சேந்திருக்கு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் குண்டு வார்க்கிறவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. டயர்க்கடையிலிருந்து வாளி வாளியாக வரும், சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டும் எடைகளில் ஈயமும் இருக்கும், இரும்பும் இருக்கும், துத்தநாகமும் இருக்கும். இரும்பு மிதக்கும், எடுத்துவிடலாம். துத்தநாகம் அதிகச் சூட்டில் ஈயத்தோடு கரைந்துவிடும். கரைந்தால் சட்டி போயிற்று.

அதனால் முதலில் பிரிக்க வேண்டும். மற்றவர்கள் குறடால் கடித்துப் பார்ப்பார்கள். பல் பதிந்தால் ஈயம். ட்வைலா அத்தை கடிக்க மாட்டாள். கார் நிறுத்தும் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றாக எறிவாள். ஈயம் தொப்பென்று விழும். துத்தநாகம் கிணீரென்று துள்ளும். ஒரு வாளியைப் பிரிக்க அவளுக்கு இருபது நிமிடம் போதும். முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்தும்போது எஞ்சினில் என்ன சத்தம் மாறியது என்று சொல்வாள் என்பார்கள்.

இன்னும் பிரிக்காத ஒரு வாளியில் பாதி மிச்சம் இருந்தது. "நீங்க பிரிச்சுக் காட்டுங்க அத்தை" என்றேன்.

"சோதனை போடறியா? நீ வேல பாக்கற தண்ணி பரிசோதிக்கிற எடத்துல இதத்தான் கத்துக் குடுக்கறாங்களா?" சிரித்துக்கொண்டே எறிந்தாள். குறடால் கடித்துப் பார்த்தேன், பத்துக்குப் பத்து சரி. "பாத்தியா? கடைக்காரன்தான் திருடன்."

ஆனால் நான் தரையைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முழு வாளியை வேகமாகப் பிரிக்கும்போது அப்படிப் பார்க்க நேரமிருக்காது.

"செவுத்தப் பாத்து நில்லுங்க. நான் போடறேன்."

"எதுக்குடி?"

"சும்மா."

அவள் திரும்பி நின்றாள். இருபது எறிந்தேன். ஒவ்வொன்றுக்கும் 'ஈயம்', 'துத்தநாகம்' என்று சொன்னாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. பதினொன்று சரி. நாணயத்தைச் சுண்டினாலே பத்து வரும்.

"எத்தன?"

சொன்னேன்.

"இன்னொரு வாட்டி போடு."

ஒன்பது.

காது கெடும்போது முதலில் போவது கூர்மையான சத்தங்கள்தான், பேச்சு கேட்கும், கிணீரென்பது கேட்காது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருடமாக ஒரு தானியங்கித் துப்பாக்கியின் பக்கத்தில் அவள் காது இருந்திருக்கிறது.

அவள் திரும்பினாள். "ஹாய்ட்டுகிட்ட வாயத் தொறந்தே, நீ எனக்கு மருமகளே இல்ல."

ஹாய்ட் எங்கள் பழைய கல்குவாரியில் ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கும் துப்பாக்கி சுடும் கூட்டத்துக்குப் பொறுப்பாளர். தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஓக்லஹோமாவின் இந்த மூலையெங்கும் இருந்து வருவார்கள். ட்வைலா அத்தையின் தாம்சன் துப்பாக்கி, கார் வாங்க வைத்திருந்த பணத்தில் எண்பத்து நான்கில் வாங்கியது. எண்பத்தாறில் வந்த சட்டத்துக்குப் பிறகு எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் புதிய தானியங்கித் துப்பாக்கியைப் பதிந்து வாங்க முடியாது. இருப்பது இருக்கிறது, அவ்வளவுதான்.

அதன் தீனியான தோட்டாக்களை அவளே செய்கிறாள். அதுதான் அவள் பொழுதுபோக்கு. குளிர்காலத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை வார்த்து, பேருந்து மஞ்சளில் பூச்சுப் பூசி, பழைய அடுப்பில் சுட்டெடுத்து, பித்தளை உறையில் வெடிமருந்தோடு அடைப்பாள். வருடத்துக்கு நாலாயிரம். "எல்லாத்தையும் நிறுத்தாமச் சுட்டா ஆறு நிமிஷம்கூட வராது அத்தை" என்று ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னேன். "கிறிஸ்துமஸ் விருந்தத் திங்க எத்தன நிமிஷம் ஆவுது உனக்கு?" என்றாள். எனக்கும் அந்த வேலை பிடிக்கும். அச்சைத் திறந்ததும் ஒரே மாதிரி பளபளவென்று விழும். யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை.

குவாரியில் ஒரு விதி உண்டு. வீட்டில் செய்த தோட்டா கொண்டு வருகிறவர்கள், 'பொத்'தென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். அடைக்கும்போது மருந்து விழாமல் போன தோட்டா அப்படித்தான் கேட்கும். உறையின் அடியில் இருக்கும் பொறிமருந்து மட்டும் வெடித்து, குண்டு பாதிக் குழலில் நின்றுவிடும். துப்பாக்கியும் நின்றுவிடும். ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை இழுத்து மறுபடி சுட்டால், இரண்டாவது குண்டு முதலாவதில் மோதும். குழல் வெடிக்கும். அதற்குப் பின்னால் அத்தையின் முகம் இருக்கும்.

"உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்குமா?" என்றேன்.

"நாப்பது வருஷத்துல ரெண்டு வாட்டி வந்துச்சு. ரெண்டு வாட்டியும் கேட்டுச்சு."

"கடைசியா எப்ப?"

"அது இருக்கும், பதினஞ்சு வருஷம்."

"இந்த வருஷம் கடைத் தோட்டா வாங்கிக்கலாம்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சர்ச் விருந்துக்குக் கடையில வாங்கின உருளக்கெழங்கு சாலட்டத் தூக்கிட்டுப் போறவளா நான்?"

"காதுக்குக் கருவி..."

"காத மூடிட்டுத்தானடி சுடறோம். மூடிக்குள்ள கருவிய வச்சு என்ன பண்றது?"

நான் ஹாய்ட்டிடம் சொல்லவில்லை. புதிய ஈயம் வாங்கி, இந்த முறை நான் குறடால் கடித்துப் பிரித்து, மூன்று வாரம் இரண்டு பேரும் வார்த்தோம். அடைக்கிற இயந்திரத்தை அவள் என்னைத் தொடவிடவில்லை. அது எப்போதுமே அவளுடையது. இடதுபக்கம் நான் நிற்பேன், ஏதாவது கேட்டால் தோளைத் தொடுவேன் என்றேன். "சுடும்போது என்னத் தொட்டே, கொன்னுபுடுவேன்" என்றாள். அவள் சொன்னது சரி. சுடுகிறவர்களைத் தொடக்கூடாது.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. குவாரியில் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். எதிரே மண்மேட்டின் முன்னால் குறிகளாகப் பழைய துணி துவைக்கும் இயந்திரங்கள், இரண்டு குளிர்ப்பெட்டி, ஒரு படகு. நான் அத்தைக்கு மேகசின்களில் தோட்டா நிரப்பினேன். மேகசினுக்கு முப்பது, மொத்தம் இருபது மேகசின்.

ஐந்து மேகசின் ஒழுங்காகப் போயிற்று. அத்தை தோளைச் சாய்த்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்னதாகச் சுடுவாள். அறுபத்தாறு வயதில் அவள் முகம் அப்போது மட்டும் ரொம்ப அமைதியாக இருக்கும்.

ஆறாவதில், நடுவில், துப்பாக்கி நின்றது.

எனக்கு 'பொத்' கேட்டதா? தெரியவில்லை. அடுத்த இடத்தில் நின்ற கர்ட்டிஸ் என்பவனின் பெரிய துப்பாக்கி உறுமிக்கொண்டிருந்தது. அத்தையின் வலதுகை போல்ட்டுக்குப் போயிற்று.

"நிறுத்து!" என்று கத்தினேன்.

கல்லூரியில் நான்கு வருடத்தில் ஒரு கேள்வி கேட்கக்கூட நான் கையைத் தூக்கியதில்லை. எங்கள் வரிசையில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் எல்லாரும் நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருந்தவர் திருப்பிக் கத்தினார், அவருக்கு அடுத்தவர் கத்தினார். ஹாய்ட்டின் சிவப்புக் கொடி மேலே போயிற்று. அதைப் பார்த்துத்தான் அத்தை கையை எடுத்தாள்.

ஹாய்ட் வந்தார். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்தார். பின்னால் அடிபட்டும் வெடிக்காத தோட்டா ஒன்று கையில் விழுந்தது. குழலின் முன்பக்கம் போய் ஒரு நீளப் பித்தளைக் கம்பியை உள்ளே விட்டார். தடையில்லாமல் மறுபக்கம் வந்தது.

"ஊமைத் தோட்டா" என்றார். "ஒண்ணுமில்ல."

கர்ட்டிஸ் காதுமூடியைக் கழற்றினான். "ஏம்மா, சத்தம்னா பயமா இருந்தா லைப்ரரிக்குப் போயிருக்கலாமே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காது வரை சுட்டது.

"என்ன கேட்டுச்சு டெஸ்ஸா? 'பொத்'துன்னு கேட்டுச்சா?" ஹாய்ட் தன்மையாகத்தான் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "தெரியல" என்றேன்.

"தெரியாமலா நாப்பது பேர நிறுத்தினே?"

நான் தரையைப் பார்த்தேன். காலி உறைகள் கிடந்தன.

"காடைக்குஞ்சக் கூட்டியாந்திருக்கா ட்வைலாக்கா" என்றான் கர்ட்டிஸ். "பட்டாசு வெடிச்சாலும் நிறுத்தும்போல."

அத்தை காதுமூடியை இறக்கி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவள விடுடா" என்றாள். "என்னக் கேளுங்க. எனக்குக் காது போச்சு. 'பொத்'துன்னாலும் கேக்காது, கிணீர்னாலும் கேக்காது. அது இவளுக்குத் தெரியும். சொல்லக்கூடாதுன்னு நான்தான் இவ வாயக் கட்டி வச்சேன். பாவம், அதான் கத்திட்டா."

யாரும் சிரிக்கவில்லை.

"எப்பலேருந்து?" என்றார் ஹாய்ட்.

"அது தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்க மாட்டனா?"

ஹாய்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப உன் தோட்டாவ நீ சுடக்கூடாது ட்வைலா. விதி அதுதான். எழுதினவங்கள்ல நீயும் ஒருத்தி. கர்ட்டிஸ்கிட்ட கடைத் தோட்டா இருக்கு, வாங்கிக்க."

அத்தை துப்பாக்கியை மேசையில் வைத்தாள். இனி அவள் எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. இந்த வருடம் மட்டுமில்லை. காது திரும்பி வரப்போவதில்லை.

"ஹாய்ட் மாமா" என்றேன். "ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவுல ஒரு செகண்டுல பன்னெண்டுல ஒரு பங்குதான் இருக்கு. அதுக்குள்ள யாராலயும் வெரல எடுக்க முடியாது. காது நல்லா இருந்தாலும் முடியாது. சத்தத்த வச்சுத் தப்பிக்கறதெல்லாம் துப்பாக்கி தானா நின்னாத்தான்."

"அதனால?"

"நின்னப்பல்லாம் கம்பி விட்டுப் பாத்தா, காதே வேணாம்."

ஹாய்ட் யோசித்தார். "கம்பி விடணும்னா முன்னாடி போகணும். ஒவ்வொரு வாட்டியும் வரிசையே நிக்கணும்."

"எத்தன வாட்டி நிக்குமாம்?" என்றான் கர்ட்டிஸ்.

"நான் அடச்ச தோட்டாடா" என்றாள் அத்தை. "உன் பழைய லாரி மாதிரி எட்டடிக்கு ஒரு தரம் நிக்காது."

இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹாய்ட் வரிசையை ஒரு முறை பார்த்தார். "மூணு வாட்டி" என்றார். "மூணுக்கு வரிசை காத்திருக்கும். அதுக்கு மேல நின்னா, கடைத் தோட்டா. சம்மதமா?"

"சம்மதம்."

ஏழும் எட்டும் நிற்காமல் போயின. ஒன்பதாவதில் நின்றது. அத்தை உடனே கையைத் தூக்கினாள், கொடி ஏறியது, கம்பி சுத்தமாக வந்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள். பதினொன்றில் மறுபடி. கம்பி சுத்தமாக வந்தது. "சூரியன் மறையறதுக்குள்ள முடிச்சிடுவீங்களாக்கா?" என்று கர்ட்டிஸ் கேட்டான்.

"என்ன சொல்றான்?" என்றாள் அத்தை என்னிடம்.

சொன்னேன்.

"அவன் அம்மாவும் இவன் பொறக்கறப்ப அதத்தான் கேட்டாளாம்னு சொல்லு."

நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குக் கேட்டுவிட்டது.

பன்னிரண்டாவது மேகசினில் பத்துப் பன்னிரண்டு போயிருக்கும், நின்றது. நான் அத்தையின் பக்கத்தில்தான் இருந்தேன், ஒரு கை தூரத்தில். முன்பு நின்றது போலவே நின்றது. அத்தை கையைத் தூக்கினாள்.

ஹாய்ட் கம்பியை உள்ளே விட்டார். ஒரு சாண் போய் நின்றது. மெல்லத் தட்டினார். போகவில்லை. கம்பியை வெளியே எடுத்து, குழலின் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"யாருக்காவது கேட்டுச்சா?"

கர்ட்டிஸ் இல்லையென்று தலையை ஆட்டினான். அடுத்தவரும் இல்லை என்றார். ஹாய்ட் என்னைப் பார்த்தார்.

"எனக்கும் கேக்கல" என்றேன்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அத்தை.

"யாருக்குமே கேக்கலையாம் அத்தை. குண்டு உள்ள நிக்குது."

அத்தை குழலைத் தொட்டுப் பார்த்தாள். சூட்டில் விரலை வெடுக்கென்று எடுத்தாள். நான் எதிர்பார்த்தது போல அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை.

"மருந்து விழாம அடச்சது நான்தானே" என்றாள். "காது இல்லாட்டி கண்ணாவது இருக்கணும்."

"எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் ஹாய்ட்.

"இப்ப எனக்கு நடந்திருக்கு." அவள் மீதி மேகசின்களைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். "வீட்ல இருக்கறதும் சேத்து எத்தன மிச்சம்?"

"மூவாயிரத்து அறுநூத்துச் சொச்சம்."

"எடை போட்டுப் பாத்தா எது காலின்னு தெரியுமா?"

"தெரியாது. நம்ம குண்டே ஒண்ணுக்கொண்ணு எடை மாறும். மருந்து அத விடக் கம்மி. பிரிச்சுத்தான் பாக்கணும்."

"ஒவ்வொண்ணா?"

"ஒவ்வொண்ணா."

அத்தை ஒரு பெருமூச்சு விட்டு, காதுமூடியை மேசையில் வைத்தாள். "அப்ப நாளைக்கு சர்ச் முடிஞ்சு நேரா வந்துடு" என்றாள். "சாப்பாடு நான் போடறேன். மறுபடி அடைக்கறப்ப நீ பக்கத்துல ஒக்காந்து ஒவ்வொரு உறைக்குள்ளயும் எட்டிப் பாக்கணும். பாத்தேன்னு வாயத் தொறந்து சொல்லணும். எனக்குக் கேக்கற மாதிரி."

"சரி அத்தை" என்றேன்.

"என்ன?"

"சரி அத்தை!"

வரிசையில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.