கண்ணாடியில் ஒன்றும் இல்லை

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர் சுப்பிரமணியத்தை நல்ல மனுஷர் என்று இன்னமும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு வயிறு எரிகிறது.

மலாயாவில் கம்யூனிஸ்ட் சண்டை நடந்த காலம். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடும் என்று ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்ட விடமாட்டார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களைக் கேட்டில் தடவிப் பார்க்கச் செல்லம் நின்றாள். எங்கள் லைன் வீட்டுக்காரிதான். வீட்டுக்குத் தூரம் என்று சொன்னால் இடுப்புக்குக் கீழே தொடமாட்டாள். இது போதாதா? மாதம் முழுக்கப் பாதிப் பேர் தூரமானார்கள். ஒருநாள் மணியம்மாவின் தீட்டுத் துணியிலிருந்து அரிசி கொட்டியது. போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ரத்தம் என்று எவள் சொன்னாலும் பொய்தான்.

அந்த நேரம் பார்த்து ருக்குமணிக்கு ரத்தம் பட்டது. என் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள். எல்லாம் நின்று வருஷங்கள் ஆனவள். மகள் ஜெயா முழுகாமல் இருந்தாள். அந்தப் பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும், அது ஒன்றுதான் ருக்குமணிக்கு ஆசை.

"இந்த வயசுல என்னம்மா தூரம்? உள்ள அரிசியா, பருப்பா?" என்றார் டிரெசர். மருந்துக்கு நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் விடவில்லை. வெள்ளைக்கார டாக்டரம்மா பட்டாளத்தோடு வந்தபோது இழுத்துக்கொண்டு போனேன். அவள் உள்ளே குச்சியால் வழித்து, கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப்போனாள். அடுத்த முறை வந்தபோது டிரெசரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மலர வெளியே வந்தார்.

"கண்ணாடியில ஒன்னும் இல்லம்மா. புத்து கித்து எதுவும் இல்ல. சந்தோஷமா போ."

ருக்குமணி அழுதுவிட்டாள். "பேரப்புள்ளைய தூக்கிருவேன் மாரி."

ரத்தம் நிற்கவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றாள். கூடை சுமக்கிறாயே என்றார் டிரெசர். நாற்றம் அடிக்கிறது என்றேன். குளிருக்குப் பயந்து குளிப்பதில்லை என்றார். உடம்பு இளைத்தது, ரேஷன் சோறு என்றார். எதைக் கொண்டுபோனாலும் பதில் தயாராக இருந்தது. ஒன்றும் இல்லை என்பது மனதில் விழுந்தபின் அந்த மனுஷருக்கு எதுவுமே கண்ணில் படவில்லை.

"ஒரே ஒரு வாட்டி டாக்டரம்மாகிட்ட காட்டுங்கய்யா."

"நல்லா இருக்கறவள எதுக்குக் காட்டணும்? நெசமான சீக்காளிங்க காத்திருக்காங்க லா."

கடைசியில் ருக்குமணியே என்னை அடக்கினாள். "கண்ணாடிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது? விடு மாரி."

காட்டில் இருப்பவர்கள் கீழ் ரோட்டில் லாரிகளைச் சுட்டதால் டாக்டரம்மா வருவதும் குறைந்தது. மறுபடி வந்தபோது ருக்குமணியால் எழுந்து நிற்க முடியவில்லை. டாக்டரம்மாவையும் டிரெசரையும் அவள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு டிரெசர் பக்கம் திரும்பினாள். எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, மலாயில் கேட்டாள்: ஒரு கண்ணாடியை நம்பாதே, ரத்தம் நிற்காவிட்டால் திரும்ப அழைத்து வா என்று சொன்னேனே?

"ஒன்னும் இல்லன்னுதானே சொன்னீங்க," என்றார் அவர். பொய் சொல்லவில்லை. அவர் காதில் அவ்வளவுதான் விழுந்திருந்தது.

இனி வலிக்கு மருந்து தரலாம், வேறு வழியில்லை என்றாள் டாக்டரம்மா.

டவுன் ஆஸ்பத்திரிக்கு லாரியில் கிடத்திக் கொண்டுபோனோம். கேட்டில் செல்லம் மறித்தாள். போர்வைக்குள் கையை விடப்போனவளிடம் ருக்குமணி முனகினாள். "தொடாத செல்லம். தூரம்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்று செல்லம் கையை உள்ளே விட்டாள்.

வெளியே எடுத்தபோது விரல்களெல்லாம் ரத்தம். துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். லாரி போனது.

ருக்குமணி திரும்பி வரவில்லை. ஜெயாவின் பிள்ளையை முதலில் கையில் வாங்கியது நான்தான்.