மேய்ப்பனுக்கு யாரும் சொல்லவில்லை

...ஆனால் அவசரத்துக்கு ஒன்றுக்குப் போவது எப்படி, அதைத்தானே முதலில் யோசிக்க வேண்டும், கார்னிவல் வேஷம் என்றால் அழகு, கற்பனை என்று வெளியூர்க்காரர்கள்தான் பேசுவார்கள், எங்கள் கொலோன் ஊரில் பிறந்த பெண் கேட்பது மூன்றே கேள்வி, உள்ளே கம்பளிச் சட்டை போட இடம் இருக்கிறதா, மழை வந்தால் தாங்குமா, கழிப்பறை வரிசையில் காத்துக் கிடந்து ஒருவழியாக உள்ளே போனபிறகு எத்தனை பொத்தானைக் கழற்ற வேண்டும், இதற்குப் பதில் இல்லாவிட்டால் நீ மகாராணியாக வந்தாலும் மதியத்துக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீடு திரும்புவாய்... படுக்கையின் மேல் இரண்டு வேஷங்கள் கிடக்கின்றன, இந்தப் பக்கம் ஆடு, அந்தப் பக்கம் சமையல்காரி, நாளைக்குப் பெண்கள் வியாழன், விடிந்தால் தெருவெல்லாம் பெண்கள் ராஜ்யம், நான் இன்னும் எதைப் போடுவதென்று தெரியாமல் உள்பாவாடையோடு நின்றுகொண்டிருக்கிறேன், ஐம்பத்தெட்டு வயதில். ஆடு கதகதப்பானது, குளியலறைத் தரையில் விரிக்கிற வெள்ளைச் சடை மிதியடிகளை வெட்டித் தைத்தது, முன்னால் ஒரே ஒரு ஜிப். சமையல்காரி என்பது ஒரு தொப்பி, ஒரு ஏப்ரன், அவ்வளவுதான், பிப்ரவரிக் குளிரில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே நிற்பதற்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஆடுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது... இருக்கிறதே, இல்லாவிட்டால் நான் ஏன் இப்படி நிற்கிறேன்.

ஹாலில் டிவி. இந்த வீட்டில் தேர்தல் வந்தால் எனக்கு வீடே இல்லை, விவாதத்துக்கு உட்காருகிற அந்த ஐந்து நாற்காலிக்காரர்கள்தான் குடியிருக்கிறார்கள், சமைக்கும்போதும் அவர்கள் குரல், துணி மடிக்கும்போதும் அவர்கள் குரல், திங்கள்கிழமை ஒரு சானலில் பார்த்த அதே மூஞ்சி புதன்கிழமை இன்னொரு சானலில், டைதான் வேறு. அரைத்த மாவையே அரைக்கிறார்கள், அதுவும் யாரையும் அரைத்து முடிக்க விடுவதில்லை, ஒருவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்வதற்குள் நடத்துகிற அம்மா குறுக்கே விழுகிறாள், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்கிறாள், சுருக்கமாகச் சொன்னால் இது பதிலே இல்லையே என்கிறாள். நடுவில் ஒரு நிருபர், பெர்லினில் இருட்டில், பின்னால் பூட்டிய கட்டடம், காதைப் பொத்திக்கொண்டு, இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதற்காகவே பாவம் குளிரில் நிற்கிறான், அவனுக்காவது ஒரு ஆட்டுத்தோல் கொடுக்கக்கூடாதா. அப்புறம் சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்குகிறவன் மூக்கருகே மைக்கை நீட்டி, நீங்கள் ஏன் கோபமாக இருக்கிறீர்கள் என்பார்கள், அவன் ஆரம்பிப்பான், அரை வாக்கியத்தில் வெட்டிவிட்டு, அந்த அரை வாக்கியத்துக்கு நிபுணர் ஒருவர் அரைமணி நேரம் பொருள் சொல்வார். என் கணவன் வின்ஃப்ரிட் இதையெல்லாம் பார்த்து டிவிக்கே பதில் சொல்வான். "அட, அவரைப் பேச விடும்மா" என்று இப்போதும் சோபாவிலிருந்து கத்துகிறான். அணைத்துத் தொலையேன் என்றால், "நாட்டுல என்ன நடக்குதுன்னு தெரிய வேணாமா?" நாட்டில் என்ன நடக்கிறது என்று அந்தப் பெட்டியைப் பார்த்து யாருக்காவது தெரிந்திருக்கிறதா... "ரோஸ்வித்தா, நாளைக்கு ஆபீசுக்கு எந்த டை கட்டிக்கட்டும்?" என்கிறான் அடுத்த மூச்சில். "வெட்டுப்பட்டா நீ அழாத டையா பாத்துக் கட்டு, உங்கம்மா கொடுத்த அந்தப் பழுப்பு." பெண்கள் வியாழன் என்றால் ஆண்களின் டையை வெட்டுவது வழக்கம், நாளைக்கு எந்தப் பெண் கத்தரியோடு வந்தாலும் டையை நீட்ட வேண்டியதுதான், அவனுக்கு வேஷக் கவலை அத்தோடு தீர்ந்தது, ஆண்களுக்கு எல்லாமே சுலபம்.

ஆடு மார்லீஸ் தைத்தது. நவம்பரில், கார்னிவல் பருவம் தொடங்குகிற அன்று, நாங்கள் ஆறு பேரும் வழக்கமான பீர்க்கடையில் உட்கார்ந்து முடிவு செய்தோம், இந்த வருஷம் ஐந்து ஆடு, ஒரு மேய்ப்பன், ஆடு என்று சொன்னதே நான்தான், போன வருஷம் தேனீயாகப் போய் எனக்கு முட்டி விறைத்துப்போன கடுப்பில். மார்லீஸ் மேய்ப்பன் ஆனது ஏன் என்றால் அவளுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, வயது அப்படி, பனியிலும் கோட்டைத் திறந்துபோட்டு விசிறிக்கொள்கிறாள், மிதியடியை அவள் மேல் சுற்றினால் மயங்கி விழுந்துவிடுவாள், அதனால் அவளுக்கு மெல்லிய அங்கி, ஒரு தொப்பி, ஒரு கோல். அவ்வளவுதான் காரணம். ஐந்து ஆட்டையும் அவள் தன் மெஷினில் தைத்தாள், ஊசி இரண்டு முறை உடைந்தது, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு என் இடுப்பை அளந்தபோது, "கிறிஸ்துமஸ் கேக்கை இனிமே தொடாதே, இதுக்கு மேல மிதியடி இல்ல" என்றாள். எனக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்த வருஷம் பெண்கள் வியாழன் அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தவள் அவள், கடற்கொள்ளைக்காரி வேஷத்தோடு, நாள் முழுக்க, ஒரு கிளாஸ் பீர்கூடக் குடிக்காமல்... கொலோன்காரி ஒருத்தி அந்த வியாழனை விட்டுக்கொடுத்தால் சிறுநீரகத்தைக் கொடுத்த மாதிரி, வேறு ஊர்க்காரர்களுக்கு அது புரியாது.

எல்லாம் ஜனவரியில் கெட்டது, அதுவும் இந்தப் பாழாய்ப்போன டிவியால். அதே பீர்க்கடை, அதே மேஜை, முந்தின இரவு வந்த ஏதோ விவாதத்தைப் பற்றி கிறிஸ்டல் ஆரம்பித்தாள், எங்கள் ஆறு பேரில் அவள்தான் தலைவி, யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, இருந்தாலும் தலைவி. மார்லீஸ், "நான் அந்தக் கண்றாவியைப் பாக்கிறதையே விட்டுட்டேன், ஒருத்தன்கூட உண்மை பேசறதில்ல" என்றாள். "அப்ப அந்தக் கட்சிக்காரன் பேசறதுதான் உண்மையோ?" என்றாள் கிறிஸ்டல். அந்தக் கட்சி என்றால் எங்கள் மேஜையில் பெயர் சொல்வதில்லை, கிறிஸ்டலின் மருமகன் எம்ரே துருக்கிக்காரன், அவனையும் பேரனையும் சேர்த்து மூட்டை கட்டச் சொல்கிற கட்சி, அவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும், அது எனக்குப் புரிகிறது. மார்லீஸ் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே. கோட்டை எடுத்துக்கொண்டு, "டிவி எந்தப் பக்கம் ஓட்டுதோ அந்தப் பக்கம் ஓடுங்க, ஆட்டு மந்தை மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்... ஆட்டு மந்தை. கதவு மூடியதும் கிறிஸ்டல் மெதுவாகத் திரும்பினாள், "கேட்டீங்களா? நாம ஆடு, அவ மேய்ப்பன். நவம்பர்லயே திட்டம் போட்டு நமக்குத் தோலைத் தெச்சுக் குடுத்திருக்கா." மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதென்றால் இதுதான், ஐந்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தால் அவளும் நிபுணர்தான். ஆடு என்று சொன்னது நான், மேய்ப்பன் ஆனது உடம்புச் சூட்டால், இதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, ஆனால் கிறிஸ்டலின் கண் கலங்கியிருந்தது, அந்த நேரத்தில் போய் உடம்புச் சூடு என்று எப்படிப் பேசுவது. எங்கள் தலைக்கு மேலே சுவரில், ஒவ்வொரு கிறுக்கும் ஒரு தினுசு என்று இந்த ஊரின் பழமொழி கொட்டை எழுத்தில், இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஊரே மார்தட்டிக்கொள்கிறது, எங்களுக்கு என்னவோ ஒரே ஒரு கிறுக்குதான் தாங்கவில்லை.

கட்டிலில் போன் அதிர்கிறது, புதுக் குழு, மார்லீஸ் இல்லாத குழு, கிறிஸ்டல்தான். "எல்லாரும் சமையல்காரிதான், வெள்ளைத் தொப்பி மறந்துடாதீங்க. அவகிட்ட யாரும் மூச்சு விடாதீங்க. ஆடு இல்லாத மேய்ப்பனா வந்து நிக்கட்டும். கார்னிவல்தானே, இதுவும் ஒரு ஜோக்." கீழே மூன்று பேர் சிரிக்கிற முகம் போட்டிருக்கிறார்கள். நான் ஒன்றும் போடவில்லை, இதோ பெரிய வீராங்கனை, சிரிக்கிற முகம் போடாத வீராங்கனை... நாளைக் காலை நாங்கள் கூடுகிற செவெரின் கோபுர வாசலில், ஊரே பார்க்க, கோலும் கையுமாக அவள் வருவாள், ஐந்து வெள்ளைத் தொப்பிகள் நிற்கும், அவளுக்குப் புரிய எவ்வளவு நேரமாகும், முதலில் சிரிப்பாள், ஆட்டை எங்கே என்பாள்... என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. சரி, ஆடாகவே போகிறேன் என்று வைத்துக்கொள், நாலு சமையல்காரி, ஒரு மேய்ப்பன், ஒரு ஆடு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், அந்த ஒற்றை ஆடு யாருடையது, மேய்ப்பனுடையது, அவள் போகிற பக்கம் போகிற ஆடு, கிறிஸ்டல் அப்படித்தானே படிப்பாள், எம்ரே என்னைப் பற்றிக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பான், போன கோடையில் எங்கள் சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டிக் கொடுத்தவன்... பார், நானும் அந்த நிபுணர்கள் மாதிரியே ஆகிவிட்டேன், ஒரு மிதியடித் துணிக்கு உட்பொருள் தேடிக்கொண்டு.

போன் மறுபடி அதிர்ந்தது, இந்தமுறை அழைப்பு, மார்லீஸ். எடுக்காமல் இருந்துவிடலாமா என்று தோன்றிய நொடியில் என் விரல் எடுத்துவிட்டது. "ரோஸ்வித்தா, அந்தக் கோலை பீர்க்கடைக்குள்ள விடுவாங்களாடி? ஆளுயரத்துக்கு இருக்கு." விடமாட்டார்கள், வாசலிலேயே பிடுங்கிவைத்துவிடுவார்கள் என்றேன். "அப்ப நான் மேய்ப்பன்னு எப்படித் தெரியும்... சரி விடு, பின்னாடி அஞ்சு ஆடு வருதே, அது போதாதா." ஐந்து ஆடு வராது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் கவனித்தேன், அவள் பின்னாலிருந்து ஒரு குரல், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று, நடத்துகிற அம்மாவின் குரல், ஒரு மூச்சு கழித்து அதே வார்த்தை எங்கள் ஹாலிலிருந்து வந்தது. "நீ டிவி பாக்கறதில்லன்னு சொன்னியே." "பாக்கலடி, சும்மா ஓடுது. வீடு ரொம்ப நிசப்தமா இருந்தது." தனியாக இருக்கிறவள், விவாகரத்தாகிப் பல வருஷம், எனக்குக் கத்துவதற்கு ஒரு வின்ஃப்ரிட்டாவது இருக்கிறான். "கிறிஸ்டல் இன்னும் கோவமா இருக்காளா?" என்று கேட்டாள், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. இருக்காடி என்றேன். "ம். நானும் வாயை அடக்கியிருக்கலாம். ஆனா பாரு, இத்தனை வருஷப் பழக்கம், ஒருத்திகூட எங்கிட்ட வந்து, உனக்கு என்னடி ஆச்சு, ஏன் இப்படிப் பேசறேன்னு கேக்கல." நான் கேட்டிருக்கலாம், அந்த இடத்தில், அந்த நொடியில், அவளே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "ம்" என்றேன். "கோலைக் கொண்டுவா, வெளியில வெச்சுக்கலாம்" என்றேன். "சரிடி, காலைல பாப்போம், கம்பளிக் காலுறை போட மறந்துடாதே" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரனை மடித்து அலமாரியில் போட்டேன், ஆட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன், ஜிப் பாதியில் நின்றது, கேக்கைத் தொடாதே என்றால் நான் கேட்டால்தானே, மூச்சை இழுத்துப் பிடித்து ஏற்றினேன். முடிவு செய்துவிட்டேன், அவள் தனியாக நிற்க வேண்டியதில்லை, கிறிஸ்டல் என்ன சொன்னாலும் சொல்லட்டும், குளிருக்காகப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். வின்ஃப்ரிட் கதவருகே வந்து நின்றான், ஹாலில் வானிலை அறிக்கை, காலையில் தூறல் என்கிறார்கள். "அப்ப ஆடுதானா?" என்றான். "நாலு சமையல்காரிக்கு நடுவுல ஒரு ஆடு. அடிச்சுக் குழம்பு வெச்சிருவாங்க, பாத்துக்க." சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "நிஜமாவே மார்லீஸ் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடறாளா?"

"சேச்சே, அவளா? போடமாட்டா."

"சொன்னாளா?"

"சொல்லணுமா என்ன?"

"இப்பதானே பேசின. கேட்டிருக்கலாமே."

அவன் போய்விட்டான், மறுபடி சோபா முனகுகிற சத்தம். கேட்டிருக்கலாம்தான்... ஏன் கேட்கவில்லை, நாக்கு நுனிவரை வந்ததே, கிறிஸ்டலுக்குப் பயந்தா, இல்லை, கிறிஸ்டல் இங்கே எங்கே இருந்தாள், மார்லீஸை நோகடிக்க வேண்டாம் என்றா, அதுவும் இல்லை, கேளேன் என்றுதானே அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். போடமாட்டாள் என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னேன், எதை வைத்துச் சொன்னேன், அன்றைக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல்தானே எழுந்து போனாள். போடமாட்டாள் என்கிற தைரியத்தில்தான் ஏப்ரனை மடித்து வைத்திருக்கிறேன், வேறு எந்தத் தைரியமும் எனக்கு இல்லை. ஆமாண்டி, போடறேன் என்று போனில் சொல்லியிருந்தால்... அப்போதும் இந்த ஜிப்பை இழுத்து ஏற்றியிருப்பேனா, ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவள்தானே என்று, இல்லை எம்ரேயின் பிள்ளையை நினைத்துக்கொண்டு கழற்றி எறிந்திருப்பேனா... தெரியவில்லை. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது, இன்னும் தூங்கியிருக்கமாட்டாள், கேட்டால் சொல்லிவிடுவாள். நாளைக்கு அவள் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் நான் கேட்கக்கூடாது.